அப்பா இளைத்தால் பயப்படாதே

என் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம். இந்த முறை அது வழக்கத்துக்காக எழுதியதல்ல, டாக்டரம்மாவே பார்த்துச் சொன்னது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, அங்கே குளிர் விட்டதா, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மூன்று மாதமாகப் போனை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்துத்தான் உன்னோடு பேசுகிறேன், அப்படிப் பிடித்தால் முகம் உப்பித் தெரிகிறது. நீகூட "என்னப்பா, மூக்கு மட்டும்தான் தெரியுது" என்று சிரித்தாய். காரணம் இருக்கிறது, முழுவதும் படித்துவிட்டு அழு, நடுவில் அழாதே.

மூன்று மாதத்துக்கு முன் மாத்திரை வாங்கப் போனபோது ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன் வைத்தார்கள். எச்.ஐ.வி. கிருமி வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது, ரத்தத்தில் தேடினாலும் அகப்படவில்லை. ஆனால் கல்லீரலில் கொழுப்பு படிந்து கொஞ்சம் இறுகவும் ஆரம்பித்திருக்கிறதாம், சர்க்கரையும் வாசல்படி வரை வந்துவிட்டதாம். என்னைப் போல வருடக்கணக்காக இந்தக் கிருமியோடு இருப்பவர்களுக்கு இரண்டும் மற்றவர்களைவிடச் சுலபமாக வருமாம். கிருமியும் காரணம், அந்தக் காலத்து மாத்திரைகளும் காரணம், என் தொப்பையும் காரணம். இப்போதே எடையைக் குறைத்தால் ஈரல் தேறிவிடும், அலட்சியமாக இருந்தால் சுருங்கிப்போகலாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரையும் ஒரு காரணம் என்றால் அதை நிறுத்திவிடலாமே என்று நான் என் மூளையைக் காட்டினேன். "அதை மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாதீங்க, அதுதான் உங்களை இங்க உக்கார வெச்சிருக்கு" என்று நல்ல வார்த்தையிலேயே திட்டினார்.

எட்டுக் கிலோ குறைக்க வேண்டும் என்றதும் அது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். உனக்குத் தெரியாததா, உன் அம்மா இதே கிருமியால் இளைத்து இளைத்துத்தானே போனாள், தெருவே அவளைப் பார்த்துக் குசுகுசுத்ததே. அவள் போன பிறகு, ஒன்பது வயசுப் பிள்ளை நீ, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் இஞ்ச் டேப்பை எடுத்து என் கையைச் சுற்றி அளப்பாய், பேனாவால் அதில் கோடு போடுவாய். அரை இஞ்ச் குறைந்திருந்தால் அன்றைக்கு என் டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை, ரொட்டிக்கு இரண்டு பக்கமும் வெண்ணெய். நானும் தொப்பையைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன், குண்டாக இருப்பவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்தச் சர்க்கரையால்தான் அப்பா ஈரல் கெட்டதோ என்று நீ மருகுவாய் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போடி பைத்தியம். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்துக் கிடந்த நாட்களில் உன் டீக்காகத்தான் எழுந்து உட்கார்ந்தேன். சர்க்கரை வருகிற வயசு வரைக்கும் நான் இருந்ததே உன்னால்தான் அம்மா. நேரில் சொல்ல வாய் வரவில்லை, இதில் சொல்லிவிட்டேன்.

இப்போது சர்க்கரை இல்லாத டீதான், தையல் பட்டறைக்கு நடந்துதான் போகிறேன், ஐந்து கிலோ குறைந்தாயிற்று, அதை மறைக்கத்தான் போனில் வெறும் மூக்கு. போன வாரம் வெட்டுமேஜையில் யூனிபார்ம் துணியை விரித்துக்கொண்டிருந்தேன், பட்டன் தைக்கிற அக்கா எல்லார் முன்னாலும் "மாஸ்டர், என்ன இப்படி இளைச்சுட்டீங்க" என்று கேட்டுவிட்டார். இருபது வருடமாக நான் பயந்த கேள்வி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "கல்லீரல்ல கொழுப்பு அக்கா, சர்க்கரை வேற எட்டிப் பாக்குது" என்றேன். "அட, எனக்கும்தான்" என்று அவர் தன் கதையை ஆரம்பித்தார், அன்று ஒரு காலர்கூடத் தைத்து முடியவில்லை. இப்போது சாயங்காலம் இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்தே நடக்கிறோம். வெளியில் சொல்லிக்கொள்ள எனக்கும் ஒரு வியாதி கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது, சிரிக்காதே.

அடுத்த மாதம் வரும்போது சாக்லேட் டப்பா வேண்டாம். மாப்பிள்ளைக்கும் தொப்பை எட்டிப் பார்க்கிறது, ஒருமுறை ரத்தம் பரிசோதிக்கச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. உன் கோடுகள் இருக்கிற அந்த டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன். வந்ததும் அளந்து பார், குறைந்துதான் இருக்கும், பயப்படாதே. உன் அம்மா இளைத்தது வேறு. இது உன்னோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று நானாக இளைப்பது. அளந்துவிட்டு நீயே ஒரு புதுக் கோடு போடு.

இப்படிக்கு,
நீ அளந்து அளந்து வளர்த்த
அப்பா