ஸ்வெட்டரில் வைத்த பாச்சை உருண்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

பெயின்ட் ஆலைச் சுவரோரம் காற்றைப் பிடித்துச் சோதிப்பதுதான் இப்போது என் வேலை. போன வாரக் காற்றில் பென்சீன் இருந்தது. ரத்தத்தையே கெடுக்கும் ஆவி அது. கூடவே பாச்சை உருண்டையின் ஆவியும் இருந்தது. நீங்கள் அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ஆலை மேனேஜர் சிரித்தார். "உங்க ஸ்வெட்டர் வாசனைக்கு எங்க மேல பழி போடுறீங்களா?"

"பாச்சை உருண்டை எங்கப்பா வச்சது சார், ஒத்துக்கறேன். பென்சீனை அவர் வைக்கல."

மறுநாள் ஸ்வெட்டர் இல்லாமல் போய் மறுபடி காற்றைப் பிடித்தேன். பாச்சை உருண்டை காணாமல் போனது. பென்சீன் அப்படியே இருந்தது. எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலேயே, "அறிக்கையில பென்சீன்னு வர்ற அந்த ஒரு வரிய விட்டுடலாமே" என்றார்கள். அதைக் கொட்டை எழுத்தில் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வேலை போகாது, கவலைப்படாதீர்கள். போனால் போகட்டும்.

அடுத்த பார்சலில் குளிக்க இரண்டு துண்டு வையுங்கள். உருண்டை வேண்டாம். ஸ்வெட்டரை இப்போது அறையில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். இன்னும் துவைக்கவில்லை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்