ஊரப்பாக்கம் வீட்டு வாடகை

அண்ணா,

குளியலறைக்கு ஃபைபர் கதவு சொல்லிவிட்டு வரலாம் என்று நேற்று திருமுடிவாக்கம் போனேன். பட்டறைக்குள் கால் வைத்ததும் ரெசின் வாடை மூக்கில் ஏறியது. கொச்சியில் உன் படகுக்குள் முதன்முதலாக இறங்கியபோது அடித்த அதே வாடை. கதவின் அளவைக்கூடச் சொல்லாமல் வெளியே வந்து ஆட்டோ ஏறிவிட்டேன்.

கப்பல் இன்ஜினியர் வேலையை விட்டதும் வீட்டோடு இருப்பாய் என்று பார்த்தால், நீ ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறினாய். ஊரப்பாக்கம் ஃபிளாட்டின் வாடகைதான் உன் வருமானம். அதை வாங்கி உனக்கு அனுப்புவது என் வேலை. "நிதியமைச்சரே, இந்த மாசம் பட்ஜெட் எவ்ளோ?" என்று போனில் கேட்பாய். துறையில் கட்டினால் தினமும் காசு, நங்கூரம் போட்டு வெளியே நின்றால் இனாம் என்று விளக்குவாய். வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி பெயின்ட் அடிப்பதுதான் பெரிய செலவு. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்ணா" என்பேன். "நான் கிடக்கிறது கடல்லடி, அளக்கறதுக்குள்ள அலை வந்துடும்" என்பாய். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அந்த எரிச்சலுக்குக் காரணம் காசு என்று நீ நினைத்திருப்பாய். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு தாம்பரத்தில் நான் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மலேசியாப் பக்கம் லங்காவித் தீவில் மீன் குழம்பு வைத்து போட்டோ அனுப்பினாய். கையில் காசில்லாவிட்டால் தானாக ஊர் வந்து சேருவாய் என்று தோன்றியது. "வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டாங்கண்ணா. வேற யாரும் வரலை. பழைய கையிருப்புல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அனுப்புறேன்" என்று ஒருநாள் சொன்னேன். பச்சைப் பொய். வாடகை மாதம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. மிச்சத்தை உன் பெயரிலேயே டெபாசிட் போட்டேன். நான் ஒரு பைசா தொடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "சரி விடு, கடல்ல என்ன கடையா இருக்கு, செலவு பண்ண?" என்றாய். "வீட்டுக்கு வந்துடுண்ணா" என்றேன். "வர்றேன், வர்றேன்" என்றாய். எட்டு மாதம் அந்தப் பொய்யை வளர்த்தேன்.

படகில் குடியிருப்பவர்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் படகின் செலவை அவர்கள் குறைப்பதில்லை, குறைத்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். தங்கள் செலவைத்தான் குறைப்பார்கள். நீ பிரஷர் மாத்திரையைக் குறைத்தாய். பக்கத்துப் படகில் இருந்த பினாங்குத் தமிழர்தான் எல்லாம் முடிந்த பிறகு போனில் சொன்னார்: "ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டாரும்மா. கேட்டா, வீட்டுக்கு ஆள் வந்துட்டா சரியாயிடும்னாரு." கடைசியில் ஒருநாள் காலை அவர் காபிக்குக் கூப்பிட்டபோது நீ எழுந்திருக்கவில்லை.

போன மாதம் அவர் சென்னைக்கு வந்தவர், தாம்பரம் வரை தேடி வந்து ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே கொஞ்சம் மலேசியப் பணம். மேலே உன் கோணல் கையெழுத்து: "ஊரப்பாக்கம் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க. பளிச்சுனு இருந்தா ஆள் வருவாங்க."

"தங்கச்சி தனியா அந்த வீட்டை வச்சிக்கிட்டு அல்லாடுதுன்னு சொல்லிட்டே இருப்பாரும்மா. மாசாமாசம் இதுல போட்டு வச்சாரு" என்றார் அவர். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனவள், வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

அந்தப் பணத்தை நான் மாற்றவில்லை. கைப்பையிலேயே வைத்திருக்கிறேன், ரேஷன் கடைக்குப் போனாலும் அது கூடவே வருகிறது. உன்னிடம் போனில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். இந்த மாத வாடகையும் வந்துவிட்டது, அண்ணா. அந்த வீடு ஒருநாள்கூடக் காலியாக இருந்ததில்லை.