திங்கட்கிழமை முழங்கால்

மார்ச் 3, திங்கள்
காலை ஏழரைக்கு வழக்கம்போல நானே ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்தேன். எலும்பு, மூட்டு, தசை என்று மூன்று ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் எங்கள் மையத்தில் ஒரே ஒரு இயந்திரம். வாரத் தொடக்கத்தில் என் இடது முழங்காலைப் படமெடுப்போம். குருத்தெலும்பின் நீர்ச்சத்தைக் காட்டும் எண் நாற்பதை ஒட்டி வந்தால் இயந்திரம் சரி, மற்றவர்களின் படங்களை நம்பலாம். ஒன்றரை வருடமாக என் முழங்கால்தான் இங்கே எடைக்கல். கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்?

இன்று நாற்பத்திரண்டு.

மார்ச் 5, புதன்
"என்ன, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வச்சு ஏறுற?" என்றார் வீட்டுக்காரர். செருப்பு கடிக்கிறது என்றேன்.

போன மாதம் பதினான்காம் தேதி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கியது. இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். வெளியே தெரிந்தால் நின்று செய்யும் வேலை கிடையாது, முன்பதிவு மேசைக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று குழுக்களும் நேரம் கேட்டுப் பிடுங்குகிற மேசை அது. பன்னிரண்டு வருடம் படமெடுத்துவிட்டு அங்கே போய் உட்காரவா?

மார்ச் 10, திங்கள்
நாற்பத்து நான்கு. மையத்தை நடத்தும் டாக்டரம்மா எல்லா ஸ்கேனையும் நிறுத்திவிட்டார். இயந்திரக் கம்பெனி இங்கே போட்டிருக்கும் பொறியாளருக்குப் போன் போயிற்று.

மார்ச் 12, புதன்
இரண்டு நாளாக இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டார் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. "தண்ணி பாட்டிலை வச்சுப் பாத்தா கரெக்டா வருதே, டாக்டர்" என்றார்.

"பாட்டிலுக்கா நாம வைத்தியம் பாக்குறோம்?" டாக்டரம்மா அவரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா, கம்பெனிக்கு எழுதி வேற ஆளை அனுப்பச் சொல்வேன்."

பிறகு பொறியாளர் என்னிடம் வந்தார். "அக்கா, உங்க கால்ல மட்டும் ஏறுது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு."

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். "சரியாயிடும், கவலப்படாதீங்க" என்றேன். எனக்கு வாய் எதற்கு இருக்கிறது?

மார்ச் 14, வெள்ளி
எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறது, மனம் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்
நாற்பத்தாறு. டாக்டரம்மா கடிதம் அடிக்க உட்கார்ந்துவிட்டார். பொறியாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாங்க முடியவில்லை — "டாக்டர், இவர் முழங்காலையும் ஒருதடவை எடுத்துப் பாத்துடலாமே" என்றேன். உண்மையைச் சொல்லவில்லை, அதன் பக்கத்து வீட்டைக் காட்டினேன்.

அவருக்கு முப்பத்தொன்பது வந்தது.

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். டாக்டரம்மா மூட்டின் உள்பக்கம் அழுத்தியதும் கத்திவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"இப்பதான்... ரெண்டு மூணு நாளா."

ஏன்டி இப்படிச் சொன்னாய்? பொறியாளர் அங்கேயேதான் நின்றார். "பாவம் அக்கா, உங்களுக்கே தெரியல" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 19, புதன்
மூட்டுச் சவ்வு கிழிந்திருக்கிறது. அடுத்த மாதம் சின்ன அறுவை. டாக்டரம்மாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "அடிபடறதுக்கு முன்னாடியிலிருந்து வாராவாரம் படம் இருக்கிற முழங்கால்! இத எங்க போய்த் தேடுவோம்?" ஆராய்ச்சியில் என்னைச் சேர்க்கப் படிவம் தந்தார். அதில் ஒரு கேள்வி: வலி தொடங்கிய தேதி. அந்தத் தேதியிலிருந்து இயந்திரம் சரியாகவே இருந்தது என்று பொறியாளர் கீழே கையெழுத்திட வேண்டும்.

அன்று சொன்னபடியே மார்ச் 15 என்று போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எண் ஏறியது அதற்கு முன்பே. அந்தக் கணக்கை நம்பி யாரோ ஒருவர் காலுக்கு நாளைக்கு மருந்து கொடுப்பார்கள்.

மார்ச் 21, வெள்ளி
பிப்ரவரி 14 என்று எழுதினேன். படிவத்தை நானே பொறியாளர் கையில் கொடுத்தேன்.

அந்தத் தேதிமேல் விரலை வைத்தார். "அப்போ எனக்குத் திட்டு விழுந்தப்பவே தெரியுமா?"

"தெரியும். தப்பு பண்ணிட்டேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்தார். என் கையில் தரவில்லை.

மார்ச் 31, திங்கள்
இன்று முதல் முன்பதிவு மேசை. ஏழரை மணிக்கு முதல் பெயர் பொறியாளருடையது. இனி அவர் முழங்கால்தான் எல்லோருக்கும் அளவு. வேலையும் நிரந்தரமாகிவிட்டதாம், மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்கேனுக்குப் படுக்கப் போகிற எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வியை அவரிடமும் கேட்டேன். முழங்காலில் வலி ஏதாவது உண்டா?

"இல்ல, மேடம்" என்றார்.

இல்லை என்று எழுதிக்கொண்டேன்.