ஒரே பக்கத்தில் வரும் படிவம்

பிப்ரவரி 25, செவ்வாய். சோஹார், ஓமான்.

காலையில் மூடுபனி. துறைமுகத்துப் புகைபோக்கிகள் ஒன்பது மணி வரை கண்ணில் படவில்லை.

இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. எண்ணெய்க் குழாய்ப்பாதையில் வேலை செய்பவர்களின் போதைப்பொருள் சோதனை அறிக்கை இனி ஒரே பக்கத்தில் வரும். இதுவரை ஒரு பக்கமும் நான்கு வரியும். அந்த நான்கு வரிக்காக இரண்டாவது தாள். தாள் கிளையன்ட் ஆபீசில் இருமுறை தொலைந்தது. இருமுறையும் எச்சரிக்கைக் கடிதம் எங்களுக்கு.

ஒன்றே முக்கால் மணி நேரக் கூட்டம். ஐந்து பேர், சமோசா. எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றார் ஒருவர். ஓரத்தைக் குறைக்கலாம் என்றார் இன்னொருவர். ஆவணப் பிரிவு சார்பில் (ஆவணப் பிரிவு என்பது நான்) அந்த நான்கு வரி 'ரிமார்க்ஸ்' (குறிப்பு) கட்டத்தை எடுத்துவிடலாம் என்றேன். பழைய அறிக்கைகளைப் புரட்டிக் காட்டினேன். எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் 'நில்', அதாவது ஏதுமில்லை. ஒருமனதாக ஏற்பு. மேனேஜர் கைகுலுக்கினார்.

மீதமிருப்பவை: நெகட்டிவ், பாசிட்டிவ், மறுப்பு. சிறுநீர் விஷயத்தில் ஒரு மனிதனால் இயன்றது இவை மூன்றே என்பது இப்போது அதிகாரபூர்வம்.

வாங்க: தோசை மாவு, மகள் நிலாவுக்கு சார்ட் பேப்பர், ஏசி ஃபில்டர்.

மார்ச் 2, ஞாயிறு.

நோன்பு நேற்று தொடங்கியது. டூட்டி ஆறு மணி நேரம். டீ, கதவைச் சாத்திக்கொண்டு.

மாலை நோன்புக் கஞ்சி வந்தது. அனுப்பியவர் வால்வு நிலைய ஃபோர்மேன் ஜபருல்லா. கீழக்கரை. இந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருடம். எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன்; திருச்சிக்காரனான எனக்கும். வருடா வருடம் அதே தூக்குவாளி, அதே வசனம்: "நோம்பு எனக்கு, கஞ்சி ஒங்களுக்கு. ரெண்டு பேருக்கும் நன்மெ."

மார்ச் 10, திங்கள்.

மண்காற்று. மாதச் சோதனை. கம்ப்யூட்டர் குலுக்கிய பன்னிரண்டு பெயர்களில் காக்கா ஏழாவது.

சோதனை வண்டி பத்தரைக்கு வந்தது. காக்கா பத்து மணிக்குத்தான் கழிப்பறை போய் வந்திருந்தார். சொல்லாமல் வருவதுதான் இந்தச் சோதனையின் சிறப்பு. பதினொன்றுக்கு முதல் முயற்சி. குப்பியின் கோட்டில் பாதிகூட வரவில்லை. விதிப்படி அதைக் கொட்டியாயிற்று. விதிப்படி மூன்று மணி நேர அவகாசம். விதிப்படி அதற்குள் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கத் தர வேண்டும். விதியை எழுதியவர் ஊரில் நோன்பு மாதம் வருவதில்லை போலும்.

மாதிரி எடுக்க வந்தவர் இம்ரான், ஹைதராபாத். பாட்டிலை நீட்டினார். "பாய், பானி."

"ரோஸா ஹை." நோன்பு என்றார் காக்கா.

"மேரா பி ஹை. லேகின் ஃபார்ம் மே ரோஸா நஹீ ஹை." தனக்கும் நோன்புதான், படிவத்தில்தான் நோன்பு இல்லை என்கிறார்.

நோன்பாளி இருவர், நடுவில் ஒரு பாட்டில். அறையில் தண்ணீர் குடிக்கக்கூடிய ஒரே ஆள் நான். என் பெயர் பட்டியலில் இல்லை.

காக்கா என் பக்கம் திரும்பினார். "மஃரிப் வரெக்கும் இரிக்கச் சொல்லுங்க தம்பி. நோம்பு தொறந்ததும் ஒரு கொடம் தாரேன்."

மஃரிப், சூரியன் மறையும் நேரத் தொழுகை, 6.20. அவகாசம் இரண்டு மணி வரை. இம்ரான் நோன்பு திறக்க மஸ்கட் போய்ச் சேர வேண்டும்.

மெதுவாகச் சொன்னேன்: "குடிச்சிருங்க காக்கா. ஒரு நோன்புதானே, பின்னால ஒரு நாள் அதுக்கு ஈடா களா புடிச்சுக்கலாம்ல?"

"களா நோயாளிக்கு ஈக்கிது, பிரயாணிக்கு ஈக்கிது. ஃபாரத்துக்கு இல்லெ தம்பி."

இரண்டு மணிக்கு மறுமுயற்சி. வரவில்லை. இம்ரான் 'மறுப்பு' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். காக்கா கையெழுத்துப் போடும் முன் மூக்குக்கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

"நான் எங்கெ மறுத்தேன்? தண்ணியத்தானே வேணாண்டேன்."

மறுப்பு என்றால் பாசிட்டிவுக்குச் சமம். கேட் பாஸ் ரத்து. பாஸ் இல்லையேல் வேலை இல்லை. வேலை இல்லையேல் விசாவும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்.

மறுப்பை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கிளையன்டுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பவன் நான். பிற்பகல் இரண்டுக்குள் செய்து பார்த்தவை:

1. அறிக்கையோடு, நோன்பால் தண்ணீர் குடிக்கவில்லை என்று விளக்கக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் கிளையன்டின் இணையப் போர்ட்டல் ஏற்காது. அப்படி அமைக்கச் சொல்லிக் கேட்டது நாங்கள், போன மாதம்.

2. ஓரத்தில் கையால் எழுதி ஸ்கேன். 'படிவம் சிதைக்கப்பட்டுள்ளது' என்று திரும்பி வந்தது.

3. கிளையன்ட் தரப்பில் சாலிம். ஓமானி, நல்ல மனிதர், அவரும் நோன்பு. நெஞ்சில் கை வைத்து, "வல்லாஹி, ஹராம்" என்றார், ஆண்டவன் மேல் ஆணையாக அநியாயம் என்று. வெகுநேரம் வருந்தினார். பிறகு, "லேகின் சிஸ்டம் மே மாஃபி." சிஸ்டத்தில் அதற்கு இடமில்லையாம்.

4. மேனேஜர். மும்பைக்காரர். "அரே பாய், வோ காலம் தோ ஆப் நே ஹீ நிகாலா." அந்தக் கட்டத்தை நீதானே எடுத்தாய் என்கிறார். அதிலும் பிழையில்லை.

5. கட்டத்தைத் திரும்பச் சேர்க்க விண்ணப்பம். படிவத் திருத்தம் வருடத்துக்கு ஒருமுறை. அடுத்தது வரும் பிப்ரவரி. கோப்பில் போன திருத்தத்தின் காரணம், என் கையெழுத்தோடு: 'இக்கட்டம் ஒருபோதும் பயன்பட்டதில்லை.'

1.52-க்கு அனுப்பினேன்.

வீட்டில் மனைவி கலாவிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்: "நாலு வரிதானே? நாலு வரிக்கு எடமில்லாமப் போச்சா உங்க ஆபீஸ்ல?"

நிலா சார்ட் பேப்பரிலிருந்து தலை தூக்காமல்: "வொய் குட்ன்ட் தே ஜஸ்ட் வெயிட், பா?" ஒன்பது வயது.

மார்ச் 13, வியாழன்.

வெயில் ஏறுகிறது. ஏசி ஃபில்டர் மாற்றவில்லை.

காக்காவுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்துவிட்டது. பெருநாளுக்கு முன் கிளம்ப வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆள் இந்த நாட்டில் இருக்க வேண்டும், இருக்க விசா வேண்டும்.

ஐந்தரைக்குக் கஞ்சி வந்தது. இந்த முறை அவரே கொண்டு வந்தார். வசனம் இல்லை. எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் பழய ஃபாரத்துல கீழெ நாலு வரி எடம் ஈந்திச்சே தம்பி. நான் சேஃப்டி ரூம்ல பாத்திரிக்கேன். எவன் எடுத்தான் அதெ?"

"கமிட்டி காக்கா."

"கமிட்டியா." தூக்கை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப யாரெ ஏசுறது."

தூக்கைக் கழுவி வைத்தேன். இரண்டு முறை.

மார்ச் 16, ஞாயிறு.

தலைவலி. மாத்திரை போடுமுன் அதன் அட்டையை முழுக்க வாசித்தேன்.

சாலிமுக்கு மறுபடி போன். எடுக்கவில்லை. மேனேஜர், "கலாஸ், யார்" என்றார், முடிந்துபோன கதை என்று.

உண்மையைக் காக்காவிடம் சொல்ல அவர் தங்கும் கேம்ப் வரை போனேன். தொழுகையில் இருந்தார். அறைக்கு வெளியே அவர் செருப்பு. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்.

காக்கா கிளம்பினார். ஒரு பெட்டி, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. கேம்ப்பில் நாலைந்து பேர் வாசலில். "யல்லா, ஜபருல்லா பாய்," என்று அவசரப்படுத்தினார் டிரைவர், இரண்டு முறை.

"அடுத்த நோம்புக்குக் கஞ்சிக்கு என்னா செய்வீங்க தம்பி?" என்று கேட்டார் காக்கா. சிரித்தார்.

கட்டத்தை எடுத்தது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை. தூக்கையும் கொடுக்க மறந்துவிட்டேன்.

வேலையிலிருந்து விடுவிக்கும் படிவத்தில் ரிமார்க்ஸ் கட்டம் இருக்கிறது. ஆறு வரி. எச்ஆர் அதில் 'நில்' என்று நிரப்பியிருந்தது.

ஏப்ரல் 2, புதன்.

பெருநாள் விடுமுறை முடிந்து ஆபீஸ். காற்று இல்லை.

மார்ச் மாத அறிக்கை அனுப்பினேன். சோதனை 12. நெகட்டிவ் 11. பாசிட்டிவ் 0. மறுப்பு 1. ஒரு பக்கம்.