மூச்சு விடாதீங்க, தம்பி

என் அன்பு அண்ணி,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் என்னை அதட்ட ஆளில்லை. இழுப்பு மருந்தைப் பாதி நாள் மறந்துவிடுகிறேன். சுகமாகத் திட்டு வாங்கிப் பழகியவனுக்கு இதெல்லாம் கஷ்டம்தான்.

நேற்றுப் பேத்தி கவிதா பள்ளியிலிருந்து ஒரு கேள்வியோடு வந்தாள். "மூச்ச இழுக்குறோம், விடுறோம். ரெண்டும்தானே செய்றோம் லா? அப்புறம் ஏன் தாத்தா 'மூச்சு விடு'ன்னு மட்டும் சொல்றோம்?" மூசு மூசென்று இரைப்பதிலிருந்துதான் மூச்சு என்ற சொல் வந்தது என்று ஆசிரியை சொன்னாராம். 'விடு' மட்டும் ஏன் என்று அவருக்கும் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும், அண்ணி. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்திலிருந்து அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்து என்னைப் பிடிக்க வந்தபோது, விறகடுக்குக்குப் பின்னால் என்னைத் தள்ளி, "மூச்சு விடாதீங்க, தம்பி" என்றீர்கள். பேசாதே என்றுதான் அர்த்தம். ஆனாலும் இழுப்புக்காரனிடம் சொல்கிற வார்த்தையா அது? பெயர்தான் இழுப்பு. இழுத்துவிடலாம், விடுவதுதான் பெரும்பாடு. விடும்போதுதான் நெஞ்சு விசிலடிக்கும்.

அந்தச் சத்தத்தை மறைக்க உலக்கையை எடுத்துக் காய்ந்த மரவள்ளியை இடிக்கத் தொடங்கினீர்கள். சிப்பாய் உள்ளே வந்ததும் உலக்கையைப் பிடுங்கி எறிந்தான். இடி நின்றது. என் நெஞ்சு நிற்கவில்லை.

"என்னம்மா சத்தம் அது?" என்றார் கூட வந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

"நாந்தாங்க ஐயா. இழுப்புங்க. மூச்சு விட முடியலைங்க."

சொல்லிவிட்டு இரைத்தீர்கள் பாருங்கள்! நீங்கள் விடும்போது நானும் விட்டேன். நீங்கள் இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உங்களுக்கு இருமல்கூட வந்ததில்லை என்பது தோட்டத்துக்கே தெரியும். கிராணிக்குத் தெரியாதா? "சாக்கித், சாக்கித்" என்று சிப்பாயிடம் மலாயில் நோயைச் சொல்லி வெளியே கூட்டிப்போனார். ஏன் அப்படிச் செய்தார்? கடைசிவரை நாம் அவரைக் கேட்கவே இல்லை.

அண்ணன் திரும்பி வரவில்லை. "புருசன விட்டுட்டுக் கொழுந்தனக் காப்பாத்திக்கிட்டான்னு ஊரு பேசும். யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றீர்கள். என் மனைவியிடம்கூட நான் விடவில்லை.

போன மாதம் சுங்கை பட்டாணி மருத்துவமனையில் உங்களுக்கு நிஜமாகவே இரைத்தது. பழக்கதோஷம், நீங்கள் விடும்போதெல்லாம் நானும் விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை நீளமாக விட்டீர்கள். நானும் விட்டேன். அடுத்ததை இழுக்க நான் மட்டும்தான் இருந்தேன்.

இன்று மாலை கவிதா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உங்கள் பேச்சை மீறுவது இந்த ஒரு தடவைதான், கோபிக்காதீர்கள். இத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததை இன்றைக்கு விட்டுவிடுகிறேன், அண்ணி.

உங்கள் மூச்சுக்குள் ஒளிந்து பிழைத்த
கொழுந்தன்