நூறால் வகுப்பவள்

அக். 3, வெள்ளி

மழை வரும்போல, வராததுபோல. சகலருக்கும் இதனால் அறிவிப்பது: இன்று இந்த ஏட்டில் ஏறப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒரு ஜீவன் நம்பாது. நம்பவும் வேண்டாம்.

காலையில் காபி. இருநூறு டம்ளர் போட்டேன். வாசனை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரை போய், செங்கல்பட்டு வண்டி நின்று மோப்பம் பிடித்துவிட்டுக் கிளம்பியது.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் வ. (என் மனைவி. மாசியில் போனாள். முழுப்பெயர் எழுத இன்னும் கை வரவில்லை.) இந்த வருஷம் நான் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேற்று விஜயதசமி, புதிதாகத் தொடங்க நல்ல நாள் என்று, திரை கேட்ட அத்தனை அப்டேட்டுக்கும் சக்கரவர்த்தி வரம் கொடுப்பதுபோல் ‘ஆகட்டும்’ அமுக்கினேன்.

விளைவு: டேட்டாபேஸ் புது வெர்ஷனுக்குப் போய்விட்டது. வ. எழுதிய எக்ஸ்டென்ஷன் லோட் ஆகவில்லை.

பிற்காலத்தில் புத்தி கலங்கி நானே இதைப் படித்தால் புரிய வேண்டும், ஆகவே: நான் விடும் புளுகுகளையெல்லாம் வ. டேட்டாபேஸில் ஏற்றி வந்தாள். அதற்கென்று தானே ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன், டேட்டாபேஸோடு ஒட்டி ஓடும் நிரல், எழுதினாள். என் வாக்கியத்தைக் கொடுத்தால் அதிலிருக்கும் எண்ணைப் பிடித்து நூறால் வகுக்கும். விடை வரும். கீழே ஒரு வரி வரும்: “போதும், கீழ இறங்குங்க.” கல்யாணமான வாரமே சொன்னவள், “நீங்க சொல்றதுல நூத்துல ஒரு பங்குதான் தேறும்.”

அவள் போனபிறகு தினமும் சாயங்காலம் ஒரு புளுகு தட்டுவேன். இறங்கச் சொல்வாள். இறங்குவேன். சாப்பிடுவேன்.

நேற்று சொல்லவில்லை. திரையில்: கோப்பு கிடைக்கவில்லை.

அக். 4, சனி

வெயில். ஏழு கடல் தாண்டி, பழைய வெர்ஷனின் ஃபோல்டரில் அந்தக் கோப்பைக் கண்டுபிடித்துப் புது ஃபோல்டருக்கு நகல் எடுத்தேன். திரை பாட்டை மாற்றியது: கோப்பு சரி, ஆனால் வேறு வெர்ஷனுக்குக் கட்டியது, ஏற்க மாட்டேன். அதே ஆள்தான் ஐயா, உள்ளே விடு என்றேன். விடவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் கம்ப்யூட்டர் கடைக்கு. கடைக்காரர் குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், பொட்டு வெச்சிகினு கம்னு இருக்க வேண்டியதுதான? ஓடிகினு இருந்தத பேஜார் பண்ணிட்ட.”

“சரி பண்ண முடியுமா? என் மனைவி எழுதினது.”

“அவங்க எழுதின சோர்ஸ் உன்னாண்ட கீதா? அத்த குடு. புதுசுக்கு ஏத்தாப்ல திரும்ப கட்டிடலாம். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

சோர்ஸ், அவள் தட்டிய மூல வரிகள், அவளுடைய ஆபீஸ் லேப்டாப்பில். காரியம் முடிந்த கையோடு நாவலூர் போய் நானேதான் திருப்பிக் கொடுத்தேன். சார்ஜர், பை, மவுஸ், எல்லாம் எண்ணி. மூடியின் ஓரத்தில் அவள் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டேன். கள்ளன் நான். எடுக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

பக்கத்து சீட்டில் அவளோடு வேலை பார்த்த ரேவதிக்குப் போன்.

“அண்ணா... அத அப்பவே சுத்தமா துடைச்சு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.”

அப்டேட் கதை முழுவதையும் சொன்னேன்.

“நாளைக்கு வரேன். எதையும் தொடாதீங்க. முக்கியமா எதையும் அழிக்காதீங்க.”

“ஒரு லட்சம் கோப்பை இப்போதான் அழிச்சேன்.”

சிரிக்கவில்லை.

சமையல் இல்லை. வாங்க: தயிர், பாத்ரூம் பல்பு. இடது செருப்பு தைக்கணும்.

அக். 5, ஞாயிறு

விடியலில் தூறல். பல்பு வாங்கினேன், தயிர் மறந்தேன்.

ரேவதி வந்தாள். பெட்டியைத் திறந்ததும் தும்மல். “ஃபேன் வழியா குங்குமம் உள்ள போயிருக்குண்ணா. பூஜை போட்டீங்களா, அபிஷேகமே பண்ணீங்களா?”

“ஆயிரத்தெட்டுக் குடம்.”

இதற்குச் சிரித்தாள். பிறகு தட்டினாள், படித்தாள், உதட்டைக் கடித்தாள்.

“சோர்ஸ் இல்லாம இத புதுசுக்குக் கொண்டுவர முடியாது. ஆனா பழைய வெர்ஷன் அழியல, பக்கத்துலயே தூங்குது. புதுச நிறுத்திட்டு அத எழுப்புவோம்.”

“எழுப்பினா எழுந்துக்குமா?”

என்னையே பார்த்தாள். “டேட்டாபேஸ் எழுந்துக்கும்ணா.”

அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

எழுந்தது. எக்ஸ்டென்ஷன் லோட் ஆனது, சத்தமில்லாமல், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல.

“இந்தப் பொட்டி இருக்கற வரைக்கும் ஓடும். இனிமே அப்டேட் கேட்டா?”

“எனக்குக் காது கேட்காது.”

“சரி, ஏதாவது தட்டிப் பாருங்க.”

புதிதாக ஒரு புளுகு வாயில் வரவில்லை. எனக்கு! வெள்ளிக்கிழமை எழுதியதையே தட்டினேன்: காலையில் இருநூறு டம்ளர் காபி போட்டேன்.

2

போதும், கீழ இறங்குங்க.

ரேவதி சமையலறைப் பக்கம் திரும்பினாள். தனி ஆள் இருக்கும் வீடு. மேடைமேல் கழுவிக் கவிழ்த்த டம்ளர் ஒன்று. அதன் பக்கத்தில் ஆடை படிந்து, வாய் படாமல் இன்னொன்று. பையை மாட்டிக்கொண்டாள்.

மோப்பம் பிடித்த வண்டி, ஏழு கடல், லட்சம் கோப்பு, ஆயிரத்தெட்டுக் குடம், எல்லாம் என் கைச்சரக்கு. அந்த இரண்டு டம்ளர் மட்டும் நிஜம், வசந்தா.