வீப்பாவுக்கு ஒரு எஞ்சின்

பிப்ரவரி 11
வெளியே மைனஸ் நான்கு. படகுச் சங்கத்திலிருந்து கடிதம். மே பத்தாம் தேதி, அந்த ஒரு நாள்தான் கிரேன் வரும். எங்கள் பாய்மரப் படகு வீப்பா போன கோடை முழுவதும் கரையிலேயே நின்றது. இந்தக் கோடையும் தண்ணீரில் இறங்காவிட்டால், அதைக் கட்டும் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். விதி தெரியும். அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.
இடம் போனால் படகை விற்க வேண்டியதுதான். அதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 14
காரணத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். போன வருடத்துக்கு முந்தின அக்டோபரில் படகைக் கரையேற்றினோம். எஞ்சினுக்குள் தங்கும் கடல்நீரை வடித்துவிட்டு, உறையாத திரவம் ஊற்ற வேண்டும். முப்பத்தொரு வருடம் செய்த வேலை. அந்த வாரம் என் மனைவி குன்வோரை மருத்துவமனையில் சேர்த்தோம். மறந்துவிட்டேன். ஜனவரியில் உள்ளே இருந்த நீர் உறைந்து எஞ்சின் பிளந்தது. அதே ஜனவரியில் அவள் இறந்தாள்.
விரிசலின் நீளம் பத்தொன்பது சென்டிமீட்டர். அளந்தேன்.

பிப்ரவரி 23
புது எஞ்சின் தேர்வுக்கான அட்டவணை முடிந்தது. மூன்று எஞ்சின், பதினான்கு வரிசை. 29 குதிரைத்திறன் எதிர்காற்றில் தாங்கும், ஆனால் படகின் உள்படிக்கட்டில் இரண்டு சென்டிமீட்டர் இடிக்கும். 20 குதிரைத்திறன் அடங்கி உட்காரும், ஆனால் போதுமா? மூன்றாவது, எங்கள் பழைய வகையே, புதுப்பித்தது. அதற்குள்ளும் கடல்நீர்தான் ஓடும். மறுபடி மறந்தால்? அடித்துவிட்டேன்.

மார்ச் 2
ஃபோல்கெ வந்தார். அவர் படகு எங்களுடையதற்கு இடப்பக்கம் நிற்பது. அட்டவணையைப் பார்த்துவிட்டு, “யோவ் ஸ்தூரெ, எஞ்சின் வாங்கறியா, பரீட்சை பேப்பர் திருத்தறியா?” என்றார். ஏலக்காய் பன் இரண்டு தின்றார். கிளம்பும்போது குரலை இறக்கி, “அது சரி, உள்ள கொண்டுவந்து கட்டப்போறது யாரு?” என்றார்.
வெளிக்கடலில் நான் ஓட்டுவேன். துறைக்குள் எப்போதும் குன்வோர்தான். நான் கயிற்றோடு முன்னால் நிற்பேன். ரிவர்ஸ் போட்டால் வீப்பாவின் பின்பக்கம் வலப்புறம் இழுக்கும். படகைக் கட்டும் மரமேடையும் வலப்புறம். அந்த இழுப்பிலேயே படகை மேடையோடு ஒட்டிவிடுவாள்.

மார்ச் 9
20 குதிரைத்திறனுக்குச் சொல்லிவிட்டேன். பெரியதைக் கையாளப் பயம். அட்டவணையில் அதற்கு வரிசை இல்லை.

ஏப்ரல் 24
எஞ்சினை இறக்கி வைத்துவிட்டார்கள். மெக்கானிக் மேரித் என் பழைய மாணவி. “வாத்தியாரே, அளவெல்லாம் கச்சிதம். ஒரு மில்லிமீட்டர் தப்பல” என்றாள். பிறகு படகின் பின்னால் போய் ப்ரொப்பெல்லரைப் பார்த்தபடி நின்றாள்.
“பழைய எஞ்சின் எந்தப் பக்கம் சுத்துச்சு?”
“இடம்.”
“இது வலம். இந்த ப்ரொப்பெல்லரோட ஓட்டினா, முன்னாடி போகணும்னு கியர் போட்டா பின்னாடி போவீங்க.”
பதினான்கு வரிசை. அந்த ஒன்று இல்லை. இருபத்தொன்பது வருடம் கரும்பலகையில் வலக்கை விதி போட்டவன்.
“எனக்கு அதுலதான் பெயில் போட்டீங்க” என்றாள். பிறகுதான் சிரித்தாள். வலமாகச் சுற்றும் ப்ரொப்பெல்லருக்கு ஆர்டர் கொடுத்தாள். இரண்டு வாரம் ஆகும்.

ஏப்ரல் 25
முட்டாள். கெழட்டு முட்டாள். இனிமே பின்பக்கம் இடதுபக்கம்தான் இழுக்கும், மேடைய விட்டு வெளிய. அவ எனக்குக் காட்டினது — எங்க காட்டினா? நானா பாத்துவெச்சது. அவ்வளவும் தலைகீழ். அவளே வந்தாலும் இந்தப் படகு அவளுக்குப் புதுசு.

மே 9
ப்ரொப்பெல்லர் இன்றுதான் வந்தது. மாலை ஆறுக்குள் மேரித் மாட்டிவிட்டாள்.

மே 10
கிரேன். எல்லோரும் காப்பிக் குடுவையோடு நின்றார்கள். வீப்பா பதினேழாவதாக இறங்கியது. கட்டும் இடம் தப்பியது. நான் சுக்கானைப் பிடிக்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஃபோல்கெ, “நகரு, நான் ஓட்டறேன்” என்றார். இழுப்பு மாறிவிட்டதைச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன் போலிருக்கிறது. பழைய பழக்கத்தில் ரிவர்ஸ் போட்டார். பின்பக்கம் இடப்புறம் போய் அவருடைய படகின் மேலேயே இடித்தது.
“உன் படகுக்குப் புத்தி பெரண்டுபோச்சுய்யா!”
எல்லோரும் சிரித்தார்கள். நான் முன்னால் கயிற்றோடு நின்றேன். வழக்கம்போல.

மே 11
மழை. போகவில்லை.

மே 14
சமையல் மேசையில் தீப்பெட்டி படகு, கத்தி மரமேடை. முகப்பு முதலில் உள்ளே வந்தால் மேடை வலப்பக்கம். பின்பக்கமாக வந்தால்?
இடப்பக்கம்.
இருபது தடவை நகர்த்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இவ்வளவு எளிதாக இருக்குமா? எதையோ விட்டிருப்பேன்.

மே 18
காலை ஆறு. காற்று இல்லை. எஞ்சின் உடனே பிடித்தது. துறைக்கு வெளியே பச்சை மிதவை வரை போய்த் திரும்பினேன். ரிவர்ஸ் போட்டுப் பின்பக்கமாகவே உள்ளே வந்தேன். இழுப்பு தானாகவே மேடைப் பக்கம் கொண்டுபோனது. தொட்டது, இடிக்கவில்லை. கட்டினேன். திரும்ப அவிழ்த்து, வெளியே போய், இன்னொரு முறை வந்தேன்.
ஃபோல்கெ காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். “எல்லாப் படகும் கரையப் பாத்து நிக்குது. உன்னது மட்டும் கடலப் பாத்து நிக்குதே. எங்கய்யா போகப்போற?”
“தெரியல” என்றேன்.
பிற்பகலில் டீசல் தொட்டியை நிரப்பினேன். விளிம்பு வரை.